காது போன பிறகும் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறேன்

32 வயதில், ஒரே வாரத்தில் இரண்டு காதும் அடைத்துப்போயின. ஸ்டீராய்டு கொடுத்தும் கேட்கும் திறன் திரும்பவில்லை. அப்போது நான் பார்த்தது போனில் வாடிக்கையாளர் பிரச்சினையைத் தீர்க்கும் வேலை. அதை விட்டே ஆகவேண்டியிருந்தது. அழுதேன். அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழியும், தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்கியூஎல்லும் படித்து, ஓராண்டில் பேக்எண்ட் பக்கம், அதாவது செயலிகளுக்குப் பின்னால் சர்வரில் ஓடும் கோடு எழுதும் வேலைக்கு, வந்தேன்.

கோடு எழுதக் காது தேவைப்படவில்லை. மீட்டிங்தான் உயிரை எடுத்தது. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போனில் போட்டேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் எழுத்து கன்னாபின்னாவென்று வந்தது. செயலியில் இரண்டு மொழிகளை வைத்து, பேசுபவருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். எங்கள் சர்வர் பெயர்களைத் தனிச் சொற்களாகச் சேர்த்தேன். பாதிக்கு மேல் சரியானது.

மீதியைச் சரிசெய்தவர்கள் என் குழுவினர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார்; முடிவுகளை உடனே சாட்டில் எழுதிவிடுவார்கள். இதை நான் வாய்விட்டுக் கேட்க ஆறு மாதம் தயங்கினேன். அந்த ஆறு மாதம் வீண்.

இணையத்தில் கணினிகள் தகவல் பரிமாறும் அடிப்படை விதிகளான டிசிபி/ஐபியை உருவாக்கிய இருவரில் ஒருவரான விண்ட் செர்ஃபுக்கும் செவித்திறன் குறைவு. இரவுப் பணியில் சர்வர் விழுந்தால், இப்போது என் மணிக்கட்டில் வாட்ச் அதிர்கிறது.