மோட்டார்ஹோமில் ஐரோப்பா: நாள் கணக்கு முதலில்

மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியில், ஐரோப்பாவைச் சுற்றுபவர்களுக்குப் பயணக் குறிப்பு எழுதுவது தள்ளிக்கொண்டே போகும். சரி, கதையை மெதுவாக எழுதலாம். தேதியையும் நாட்டின் பெயரையும் மட்டும் அன்றன்றே குறித்துவிடுங்கள்.

காரணம் ஷெங்கன் விதி. ஷெங்கன் என்பது தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. இந்திய, இலங்கை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருபவர்கள் எந்த 180 நாளிலும் இந்த நாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. உள்ளே வந்த நாள், வெளியேறிய நாள் இரண்டும் கணக்கில் சேரும். வெளியே போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளைப் பார்க்க வேண்டும். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். விசாவில் தங்கும் நாட்கள் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு.

இன்னொன்று, பழைய பயணக் குறிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம். முன்பு நாட்களை மிச்சப்படுத்தக் குரோஷியா போவார்கள். அது 2023இல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. பல்கேரியா, ருமேனியாவின் தரை எல்லைகளும் 2025 ஜனவரியில் சேர்ந்தன. அல்பேனியா, மாண்டினீக்ரோ, மொராக்கோ இன்னும் வெளியேதான். அப்புறம், ஃபெர்ரி டிக்கெட்டையும் டீசல் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன நாட்களை நிரப்ப அவையே போதும்.