ஃபிளாட் படுக்கையறையில் சுவரலமாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஃபிளாட்டுக்குக் குடிவருபவர்களில் பலர் வளவு வீட்டில், அதாவது முற்றமும் கட்டுகளுமாக நீளும் பெரிய செட்டிநாட்டு வீட்டில், வளர்ந்தவர்கள். அங்கே எவ்வளவு சாமான் சேர்ந்தாலும் இரண்டாங்கட்டில் இடம் கிடைக்கும். பத்துக்குப் பதினொன்று அறையில் அந்தக் கணக்கு செல்லாது.

முதல் தவறே, ஆசாரியை அழைத்துச் சுவரை அளக்கச் சொல்வதுதான். அளக்க வேண்டியது துணியை. அம்மாவுக்கு அலமாரி செய்தபோது நான் சுவரைத்தான் அளந்தேன். வெள்ளை மைக்கா, கைப்பிடி இல்லாத கதவு, உள்ளே ஐந்தடிக்கு ஹேங்கர் கம்பி. பார்க்க அத்தனை அழகு. அம்மாவோ கண்டாங்கியையும் பட்டையும் மடித்து அடுக்கிப் பழகியவர். ஒரே மாதத்தில் கம்பியில் நாலு ஜாக்கெட் தொங்கியது, சேலையெல்லாம் நாற்காலியில் ஏறிவிட்டது. பிறகு பாதிக் கம்பியைக் கழற்றி, சேனல் வைத்த இழுவைத் தட்டுகள் போட்டோம். தட்டுக்குத் தட்டு பத்து அங்குலம் போதும். அதற்கு மேல் அடுக்கினால் அடிச் சேலையை உருவும்போது மொத்தமும் சரியும். கட்டிலில் உங்கள் துணியையெல்லாம் பரப்பி, தொங்குவது எது, மடிப்பது எது என்று பிரித்துப் பார்த்த பிறகே படம் போடுங்கள்.

ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹேங்கரே 17, 18 அங்குலம் வரும். இடம் மிச்சம் என்று 18 அங்குல ஆழத்தில் அடித்தால் சட்டைக் கை கதவில் மாட்டும். கதவோடு சேர்த்து 24 அங்குலம் வேண்டும். ஸ்லைடிங் கதவு என்றால் இன்னும் மூன்று அங்குலம் கூடும், ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டரை அடி இருந்தால் சாதாரணக் கதவே மேல் என்பேன்.

ஏழடி உயரத்துக்கு ஒரே பலகையில் கதவு கேட்பவர்கள் அதிகம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் அந்த உயரத்தில் வளையக்கூடும். குறைந்தது நான்கு கீல் வேண்டும். வளைந்த கதவில், அழுத்தினால் திறக்கிற புஷ் லாக் பிடிக்காது. கதவு ஓரத்தில் விரல் நுழைகிற குடைவு போதும், பார்வைக்கும் எளிமை.

பரண் கதவை மேல்நோக்கித் திறக்கிற மாதிரி வைப்பதற்கு முன் மின்விசிறியைப் பாருங்கள். இறக்கை இடிக்கிற தூரத்தில் இருந்தால் துணி எடுக்க ஒவ்வொரு முறையும் ஃபேனை நிறுத்த வேண்டும். பாட்டி காலத்துத் தேக்குப் பெட்டியை பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்றுவிட்டு, அதே போர்வைகளுக்குப் பரண் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கட்டிலின் கால்மாட்டில் அந்தப் பெட்டியைப் போட்டால் பரணே தேவைப்படாது.

குளியலறையை ஒட்டிய சுவரில் அலமாரி வைத்தால் ஐப்பசி அடைமழையில் துணியில் பூஞ்சை வாடை வரும். முதலில் கசிவை அடையுங்கள். முதுகுப் பலகையைச் சுவரில் ஒட்டாமல் ஓர் அங்குலம் விடுங்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது தண்ணீரைத் தாங்கும் மரைன் ரகமான, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் வெறும் ஈரப்பதத்தைத்தான் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தரைத்தளம் என்றால் கரையான் மருந்தை அலமாரி அடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அடித்த பிறகு மருந்து செலுத்தத் துளை போட இடமிருக்காது.

சுவிட்ச் போர்டு பலகைக்குப் பின்னால் போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.