ஏரி சுருங்கியதை வாசகரே இழுத்துப் பார்க்கட்டும்: செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்தி தயாரிப்பது எப்படி?

ஒரு ஏரியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் இருக்கும் கோட்டை வாசகரே விரலால் இழுத்துப் பார்க்கும்படி செய்தால், பத்துப் பத்தி எழுதிச் சொல்வது ஒரு நொடியில் புரிந்துவிடும். காசு தேவையில்லை, கோடிங்கும் தெரிய வேண்டாம். ஆனால் இந்த வகைப் படங்களில் தெரியாமலேயே பொய் சொல்லிவிட முடியும். அதனால் படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "நீர்நிலைகள் அழிகின்றன" என்று கிளம்பினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். "இந்த ஏரியின் நீர்ப்பரப்பு 2017-லிருந்து இன்றுவரை எவ்வளவு குறைந்திருக்கிறது, ஏன்?" என்பது வேலைக்கு ஆகும்.

படி 2: கோபர்நிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தைத் திறந்து கணக்குத் தொடங்குங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015-லிருந்து அங்கே கிடைக்கும். அதன் நுணுக்கம் 10 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர் நிலம் படத்தில் நூறு புள்ளிகளாகத் தெரியும். பெரிய குளத்துக்கு இது போதும், கிணற்றைத் தேடாதீர்கள். இன்னும் பழைய படம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள்தான் கதி. அந்த வரிசை 1972-லேயே தொடங்கிவிட்டது.

படி 3: தேதி. எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த பழைய படத்தையும், கடும் கோடையில் எடுத்த புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த ஏரியும் செத்துப்போனது போலத்தான் தெரியும். இரண்டும் ஒரே மாதத்துப் படமாக இருக்கட்டும். அதுவும் போதாது, இடையில் உள்ள ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் எடுத்த ஆண்டு வெறும் வறட்சி ஆண்டாகவும் இருக்கலாம். மேக நிழல் கருப்பாக விழுந்து தண்ணீர் போலவே தெரியும். ஆகாயத் தாமரை மூடிய ஏரியோ பச்சைப் பசேலென்று வயல் போலத் தெரியும், அடியில் தண்ணீர் நிறைந்திருக்கும். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

படி 4: "ஏன்?" என்பதற்குப் படம் பதில் சொல்லாது. மத்திய ஆசியாவில் உள்ள ஆரல் கடல் என்ற பெரிய ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வற்றியது செயற்கைக்கோள் படங்களில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் தண்ணீரைச் சோவியத் காலத்தில் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதுதான் காரணம் என்பது பாசனப் பதிவுகளிலிருந்தும் மக்களிடமிருந்தும்தான் வரும். 2005-இல் கோக்-ஆரல் அணை கட்டிய பிறகு வடக்குப் பகுதியில் மட்டும் தண்ணீர் ஏறியதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் செய்தி முழுமையாகும். அப்புறம், நீங்கள் குறை சொல்லப்போகும் துறையிடமோ நிறுவனத்திடமோ படங்களைக் காட்டி, வெளியிடும் முன்பே பதில் கேளுங்கள்.

படி 5: சரி, இப்போது கோர்ப்போம். இரண்டு படங்களையும் ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரே வண்ண அமைப்பில் தரவிறக்கி, இணையத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜக்ஸ்டபோஸ் ஜேஎஸ் என்ற இலவசக் கருவியில் இரண்டு படங்களின் இணைய இணைப்பையும் (லிங்க்) ஒட்டி, தேதிகளை எழுதினால் உங்கள் பக்கத்தில் பதிக்கும் நிரல் வந்துவிடும். படத்தின் அளவைக் குறைத்துவிட்டு, சுமாரான கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள், பெரும்பாலானவர்கள் அதில்தான் படிப்பார்கள். படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள், "திருத்தப்பட்ட கோபர்நிகஸ் சென்டினல் தரவு" என்ற குறிப்பும் ஆண்டும், எந்த மாதத்தை ஏன் எடுத்தீர்கள் என்ற ஒரு வரி. சந்தேகப்படும் வாசகர் அதே படத்தைத் தானே எடுத்துச் சரிபார்க்க இவ்வளவு போதும்.