திரவப் படிகத்தில் வனாடில்: ஈபிஆர் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வனாடில் அசிட்டைல்அசிட்டோனேட் என்பது வனாடியம்-ஆக்சிஜன் பிணைப்பு கொண்ட ஓர் அணைவுச் சேர்மம். அதைத் திரவப் படிகத்தில் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் பொருள்) கரைத்து ஈபிஆர் (இணையற்ற எலெக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்து அளக்கும் நிறமாலை முறை) எடுத்தால் எட்டுக் கோடுகள் வரும். வனாடியம்-51 அணுக்கருவின் சுழற்சி (ஸ்பின்) 7/2 அல்லவா; 2 × 7/2 + 1 = 8. சாதாரணத் திரவத்தில் கோடுகளுக்கு இடையே சராசரியாக 100 காஸுக்கு (காஸ் என்பது காந்தப்புல அலகு) சற்று மேல் இடைவெளி இருக்கும். மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசை பார்த்து நிற்கும் நெமாட்டிக் நிலையில் அது சுருங்கும். "சரி, ஒழுங்கு வந்துவிட்டது" என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் சுருங்கியது என்று கேட்பதில்லை.

வனாடியம்-ஆக்சிஜன் பிணைப்பு புலத்தின் திசையில் நின்றால் இடைவெளி பெரிது, குறுக்கே நின்றால் சிறிது. இந்த அகன்ற மூலக்கூறு, நீண்ட கரைப்பான் மூலக்கூறுகளோடு படுத்துக்கொள்ளும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிணைப்பு குறுக்கே போய்விடும். ஆகவே அந்தப் பிணைப்பின் ஒழுங்கு அளவெண்ணுக்கு (புலத்தின் திசையிலேயே நின்றால் 1, ஒழுங்கே இல்லையென்றால் 0, முழுக்கக் குறுக்கே நின்றால் −0.5) எதிர்க்குறி. இங்கே எல்லை −0.5 தான், 1 அல்ல. −0.2 வந்தால் "ஒழுங்கு குறைவு" என்று கைவிட வேண்டாம். இன்னொன்று: இது கரைபொருளின் ஒழுங்கு. கரைப்பானின் ஒழுங்கு இதுவே என்று எழுதிவிடாதீர்கள்.

ஒப்பிடுவதற்கான, ஒழுங்கில்லாத திரவத்தின் இடைவெளியை டொலுயீனில் அளந்து எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம். அதே திரவப் படிகத்தைச் சூடாக்கி, பால் போன்ற கலங்கல் தெளிந்த பிறகு அளக்க வேண்டும். 5சிபி என்ற திரவப் படிகம் தூயதாக இருந்தால் சுமார் 35 டிகிரி செல்சியஸில் தெளியும். ஆனால் கரைபொருள் சேரச்சேர அந்த வெப்பநிலை இறங்கும். அதனால் புத்தக எண்ணை நம்பாமல் உங்கள் குழாயையே பாருங்கள். தெளியும் இடத்துக்கு அருகில் ஒழுங்கு மளமளவென்று சரியும். குழாயின் மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே கோடுகள் அகன்றுவிடும்.

குளிரவைத்தால் வேறு தொல்லை. பாகுத்தன்மை கூடி மூலக்கூறு மெதுவாகப் புரளும்போது, கோட்டின் இடம் சராசரியைக் காட்டுவதில்லை. கோடுகள் சமச்சீர் இழந்து, ஓரக் கோடுகள் அகன்றால், இடைவெளியிலிருந்து ஒழுங்கைக் கணக்கிடும் சாதாரணச் சூத்திரத்தை ஒதுக்கிவிட வேண்டும். அதைப் பார்க்காமல் கிடைத்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பண்ணுவதுதான் எனக்குத் தெரிந்து மோசமான தவறு.

வேதியியலும் கவனம் கேட்கும். எம்பிபிஏ போன்ற திரவப் படிகங்கள் ஷிஃப் காரங்கள் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டவை); அவை ஈரத்தில் உடையும். வனாடில் அணைவில் வனாடியத்தைச் சுற்றி ஐந்து அணுக்கள் இருக்கின்றன, ஆறாவது இடம் காலி. அங்கே வேறொரு மூலக்கூறின் நைட்ரஜன் அணு வந்து ஒட்டினால் நீங்கள் அளப்பது வேறு அணைவுச் சேர்மம்.

அப்புறம், என்எம்ஆர் (அணுக்கருக்களின் காந்த ஒத்ததிர்வை அளக்கும் முறை) பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குழாயைச் சுழற்றும் பழக்கம். பழைய இரும்புக் காந்தக் கருவிகளில் புலம் கிடைமட்டம், குழாய் செங்குத்தாகச் சுழலும். புலத்தின் திசையில் நிற்கப் பார்க்கும் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் ஒழுங்கு குலைந்துபோகும்.