கத்தாம அதிகாரம் காட்டுற வசனம் எழுதறது எப்படி?

புதுசா நாடகம் எழுதறவங்களுக்கு வசனத்துல ரெண்டு இடத்துல சிக்கல் வரும். ஒண்ணு, பாத்திரம் எல்லாம் கட்டுரை வாசிக்கிற மாதிரி முழு வாக்கியமா பேசும். இன்னொண்ணு, பெரிய மனுஷன்னு காட்டணும்னா அவரை கத்த விட்டுடுவாங்க. ரெண்டையும் சரி பண்ணலாம், ஒரு குட்டி சீன் வச்சே பாக்கலாம்.

1. முதல்ல காதைத் தீட்டுங்க

டீக்கடையில, பஸ்ல ஜனங்க பேசறதை கவனிச்சு, வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் இருக்கிற வரைக்கும் அப்படியே எழுதுங்க. கேள்விக்கு நேரா பதில் வர்றது ரொம்ப கம்மி, பாதியில நிறுத்துவாங்க, சொன்னதையே திருப்பி சொல்லுவாங்க, நடுவுல வேற விஷயத்துக்குத் தாவிடுவாங்க. அத்தனையும் மேடைக்கு வேணாம், சலிச்சு எடுங்க, ஆனா அந்த தாவல் மட்டும் கண்டிப்பா வேணும்.

2. யாருக்கு என்ன வேணும்னு முடிவு பண்ணுங்க

ஒரு லேத் பட்டறை. முருகனுக்கு அட்வான்ஸ் வேணும், முதலாளிக்கு குடுக்க மனசில்ல. முதலாளி "இங்க நான் வச்சதுதான் சட்டம்"னு சொன்னா சீன் அங்கயே செத்துடும். இப்படி எழுதிப் பாருங்க:

முருகன்: அண்ணே, ஒரு இருபதாயிரம்...
முதலாளி: மூணாவது மெஷினுக்கு ஆயில் விட்டியா?
முருகன்: விட்டேண்ணே. தங்கச்சி கல்யாணம்...
முதலாளி: சாயங்காலம் லோடு போகணும்டா.
(நிறுத்தம்)
முருகன்: யாரு ஓட்டுவா?
(மௌனம்)
முதலாளி: எவ்வளவு கேட்ட?

முதலாளி ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லல, பேச்சை மாத்திக்கிட்டே இருந்தார், பேச்சை யாரு மாத்தறாங்களோ அவங்க கையிலதான் அந்த நிமிஷம் அதிகாரம். கடைசியில முருகன் பதில் சொல்லாம கேள்வி கேட்டான் பாருங்க, அப்போ அது கை மாறிடுச்சு. முருகன் வாயில இருந்து "அண்ணே" காணாம போனதையும் கவனிங்க. நீ, நீங்க, வாடா, வாங்க இதெல்லாம் நம்ம மொழி சும்மா குடுத்திருக்கிற ஆயுதம், சீன்ல எந்த இடத்துல அது மாறுதுன்னு தெரிஞ்சே மாத்துங்க.

3. நிறைய பேசறவன்தான் பலசாலின்னு நம்பாதீங்க

இதுக்கு நான் எப்பவும் காட்டறது இங்கிலாந்து நாடக ஆசிரியர் ஹரால்ட் பின்டரோட 'தி ஹோம்கமிங்' (1965) நாடகம். லண்டன்ல ஒரு வீடு, ராத்திரி நேரம், லென்னி தன் அண்ணன் பொண்டாட்டி ரூத் கிட்ட பொம்பளைங்களை அடிச்ச கதையா நீளமா சொல்றான், மிரட்டறதுக்குத்தான். அப்புறம் அவ கையில இருக்கிற தண்ணி கிளாஸை எடுத்துக்கறேங்கறான். அவ தர மாட்டேங்கறா. அவனை லெனர்ட்னு முழுப்பேர் சொல்லிக் கூப்பிடறா, அது அவன் அம்மா வச்ச பேரு, அப்படிக் கூப்பிடாதன்னு அவனே கெஞ்சாத குறையா சொல்ற நிலைமை ஆயிடுது. அவ பேசினது எல்லாம் குட்டி குட்டி வரிங்க, ஆனா ஜெயிச்சது அவதான். ஒரு கிளாஸ் தண்ணிக்கு மேல அந்த சீனுக்கு எதுவுமே தேவைப்படல, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு.

4. பேசாத இடத்தையும் எழுதுங்க

பின்டர் மூணு புள்ளி, நிறுத்தம், மௌனம்னு தனித்தனியா போடுவார். நீங்களும் பிரிச்சுக்கோங்க: வார்த்தை தேடறப்போ புள்ளி, மனசுக்குள்ள கணக்கு ஓடறப்போ நிறுத்தம், நிலைமையே மாறிட்டா மௌனம். மௌனம் ஒரு சீன்ல ஒண்ணு போதும், அதிகமா போட்டா நடிகர் வரி மறந்துட்டார்னு ஜனங்க நினைப்பாங்க.

5. வாய்விட்டுப் படிங்க

பேரை எல்லாம் கையால மறைச்சுக்கிட்டு சத்தமா படிங்க, எந்த வரி யாரோடதுன்னு குழப்பம் வந்தா அங்க பாத்திரமே இன்னும் பிறக்கல. மூச்சு முட்டற வரியை வெட்டுங்க. அப்புறம் ரெண்டு நண்பர்கள் கையில பேப்பரைக் குடுத்து படிக்க சொல்லிட்டு, நீங்க ஸ்கிரிப்டைப் பாக்காம காதால மட்டும் கேளுங்க, அவங்க தடுக்கி விழற ஒவ்வொரு இடத்தையும் பென்சில்ல குறிச்சு வச்சு மறுநாள் திருத்துங்க.