நாட்டின் உமிழ்வுக் கணக்கைத் துறைவாரியாகப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-ஆம் ஆண்டில் இந்தியா வெளியேற்றிய பசுமை இல்ல வாயுக்கள், கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகக் கணக்கிட்டால், 295.9 கோடி டன். 2024 டிசம்பர் இறுதியில் ஐ.நா. காலநிலை அமைப்பிடம் இந்தியா அளித்த நான்காவது ஈராண்டு அறிக்கை இப்படிச் சொல்கிறது. இதில் எரிசக்தித் துறையின் பங்கு 75.66 சதவீதம். வேளாண்மை 13.72, தொழிற்சாலைச் செயல்முறைகள் 8.06, கழிவு 2.56.

இந்த எண்களை எந்தக் கருவியும் புகைபோக்கியின் மேல் உட்கார்ந்து அளக்கவில்லை. எவ்வளவு நிலக்கரி எரிந்தது, எத்தனை மாடுகள் இருந்தன, சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் எவ்வளவு தயாரானது என்ற தரவை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்) பெருக்கி, கூட்டிக் கிடைத்தவை இவை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி நெறிகள்தான் உலகம் முழுக்க இதற்கு அடிப்படை. பெருக்கல், கூட்டல் தவிர வேறு பெரிய கணிதம் இதில் இல்லை. ஆனாலும் தவறுகள் ஏராளம். அந்தத் தவறுகளால் செய்யாத குற்றத்துக்கு ஒரு துறை பழி சுமக்கிறது, இன்னொரு துறை தப்பித்துவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மொத்தமா, நிகரமா?

அதே அறிக்கையில் 2019-ஐவிட 2020-இல் உமிழ்வு 7.93 சதவீதம் குறைந்தது என்ற செய்தி இருந்தது. பல இடங்களில் அதை 295.9 கோடி டன் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. காடுகளும் நிலமும் உறிஞ்சிக்கொண்ட சுமார் 52 கோடி டன்னைக் கழித்தால் 2020-இன் நிகர உமிழ்வு 243.7 கோடி டன். 2019-இன் நிகரம் 264.7 கோடி. 7.93 சதவீதம் என்பது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம். காட்டைச் சேர்க்காத மொத்தத்தை எடுத்தால் 313.2 கோடியிலிருந்து 295.9 கோடிக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை சதவீதம்தான் குறைந்திருக்கிறது. மொத்தத்தை ஒரு வருடத்துக்கும் நிகரத்தை இன்னொரு வருடத்துக்கும் எடுத்து ஒப்பிட்டால், நாட்டில் நடக்காத ஒரு மாற்றம் நடந்ததுபோலத் தெரியும். 2020 ஊரடங்கு ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அதை ஒரு போக்கின் தொடக்கமாக வைத்துக் கோடு இழுப்பது சரியல்ல.

ஒரு டன், ஒரே ஒரு இடத்தில்

தேசியக் கணக்கில் உமிழ்வு எங்கே நேரடியாக வெளியேறுகிறதோ அங்கேதான் பதிவாகும். வீட்டு ஏசிக்கான மின்சாரம் அனல்மின் நிலையத்தின் கணக்கில் இருக்கும், வீட்டுக் கணக்கில் இருக்காது. வீட்டுக் கணக்கில் வருவது அடுப்பில் எரியும் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும்தான். இது தெரியாமல் போக்குவரத்துத் துறையின் வரிசையைப் பார்த்துவிட்டு, மின்சார வாகனங்கள் வந்ததால் இவ்வளவு மிச்சம் என்று எழுதுகிறார்கள். அந்த வாகனம் உண்ட மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு மின் உற்பத்தி வரிசையில் ஏறியிருக்கும். இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான மிச்சம் தெரியும்.

நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளைக் கூட்டி நாட்டின் எண்ணைப் பெறலாம் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. நிறுவனக் கணக்கில் தன் சொந்த எரிப்பு ஒரு பிரிவு, வாங்கிய மின்சாரம் இன்னொரு பிரிவு, சரக்கு தந்தவர், வாங்கியவர் எல்லாரும் மூன்றாவது பிரிவு. ஒரே டன் நிலக்கரியின் புகையை மின் நிலையமும், அதன் மின்சாரத்தை வாங்கிய ஆலையும், அந்த ஆலையிடம் சரக்கு வாங்கிய கம்பெனியும் தத்தம் அறிக்கையில் எழுதியிருக்கும். நிறுவனத்தின் பொறுப்பை அறிய அந்த முறை நல்லதுதான். நாட்டின் மொத்தத்தை அறிய அது உதவாது.

தொழிற்சாலைகளில்தான் இந்த எல்லைக்கோடு மிகவும் குழப்பும். சிமெண்ட் ஆலையின் சூளையில் எரியும் நிலக்கரி எரிசக்தித் துறையில் சேரும். அதே சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு தொழிற்சாலைச் செயல்முறையில் சேரும். ஒரு டன் கிளிங்கருக்கு இது சுமார் 0.52 டன். இங்கே பெருக்க வேண்டியது கிளிங்கரின் எடையை. சிமெண்டின் எடையைப் பெருக்கினால் கணக்கு ஊதிவிடும், ஏனென்றால் நம் ஊரில் விற்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் 35 சதவீதம் வரை கலக்கலாம். உருக்காலையில் இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கோக் (நிலக்கரியைச் சுட்டுத் தயாரிக்கும் கரி), 2006 நெறிகளின்படி தொழிற்சாலைச் செயல்முறையில் வரும். எரிபொருள் புள்ளிவிவரத்திலும் அதே கோக் இருக்கும். அங்கே கழிக்காமல் விட்டால் ஒரே கரி இரண்டு முறை எரிந்ததாகிவிடும்.

யூரியா இன்னும் சுவாரசியம். இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா தயாரிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடை ஆலையே பிடித்து யூரியாவுக்குள் அடைத்துவிடுகிறது. விவசாயி அதை வயலில் போட்ட பிறகுதான் அது வெளியேறும், ஒரு டன் யூரியாவுக்கு 0.73 டன் வீதம். ஆகவே ஆலைக் கணக்கில் கழித்து, வேளாண்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இறக்குமதியான யூரியாவுக்கும் வயல் உமிழ்வு உண்டு.

விறகை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தி மொத்தத்தில் சேராது, தனிக் குறிப்பாக மட்டும் காட்டப்படும். மரம் குறைந்தது நிலப் பயன்பாட்டுக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிடுவதே காரணம். ஆனால் அந்த விறகுப் புகையிலுள்ள மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேர வேண்டும். பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் இங்கே நிரப்பிக்கொள்ளும் எரிபொருளும் மொத்தத்துக்கு வெளியே தனிக் குறிப்புதான்.

கடன் வாங்கிய காரணிகள்

எல்லாத் தவறுகளிலும் பெரியது, வேறெங்கோ அளந்த எண்ணை நம் மண்ணின்மேல் ஒட்டுவது. இதற்கு இந்திய நெல்வயலைவிட நல்ல சான்று கிடையாது.

நீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்கும். அது நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றுக்கு வரும். 1990 வாக்கில் உலக அரங்கில் புழங்கிய ஒரு மதிப்பீடு, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாகச் சொன்னது. மேலைநாட்டு வயல்கள் சிலவற்றில் எடுத்த அளவை இந்திய நெற்பரப்பு முழுவதற்கும் விரித்துக் கிடைத்த எண் அது. பருவநிலைப் பேச்சுவார்த்தைகள் தொடங்கிய நேரம். ஏழை உழவர்கள் பூமியைச் சூடாக்குகிறார்கள் என்ற வாதத்துக்கு அது ஆதாரமாக இருந்தது.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் ஒரு நாடு தழுவிய அளவீட்டு இயக்கம் நடந்தது. பல மாநிலங்களில், பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஊசியால் உறிஞ்சி ஆய்வு செய்தார்கள். கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! அப்போது நம் நெற்பரப்பில் பாதிக்கு மேல் மானாவாரி. பாசனம் உள்ள இடத்திலும் நீர் எப்போதும் தேங்கி நிற்பதில்லை, மண்ணில் கரிமச்சத்தும் குறைவு. பரப்பை மட்டும் பார்த்தவர்கள் நீரைப் பார்க்கவில்லை.

ஐபிசிசியின் 2006 நெறிகள் நீர் மேலாண்மைக்குத் தனிக் காரணி தந்தன. தொடர்ந்து நீர் நிற்கும் வயலுக்கு 1 என்றால், இடையில் ஒருமுறை வடித்தால் 0.60, பலமுறை வடித்தால் 0.52. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் விவசாயியின் வயலுக்கும், எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கும் ஒரே எண்ணைப் போடுகிற கணக்கு, அவர் செய்யும் நல்லதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

மாடுகளிலும் இதே கதை. கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் என்பது இந்தியத் துணைக்கண்டத்துக்காக ஐபிசிசியின் 2006 நெறிகள் தந்த பொது எண். நாட்டு மாடுகளை இங்கேயே ஆராய்ந்து இந்தியா பயன்படுத்திய எண் 28. கலப்பினத்துக்கு 43. நம் நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள். எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது தலைக்குச் சில கிலோ பிழைகூட லட்சக்கணக்கான டன்னாகிவிடும்.

நிலக்கரிக்கும் இது பொருந்தும். பொது எண்களைப் போட்டால் ஒரு டன்னுக்கு 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரிக்கு உள்நாட்டு அளவீட்டின்படி அது 1.9 டன் அளவில்தான் இருக்கும். சீனாவிலும் இப்படி நடந்தது: அங்குள்ள நிலக்கரியின் உமிழ்வுக் காரணி ஐபிசிசி பொது எண்ணைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு என்று 2015-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நிலக்கரியைத் தரம் பிரிப்பது மொத்த வெப்ப மதிப்பை வைத்து, ஐபிசிசி காரணிகள் நிகர வெப்ப மதிப்பை வைத்து, அதாவது எரியும்போது நீராவியோடு போய்விடும் வெப்பத்தைக் கழித்த மதிப்பை வைத்து. மாற்றாமல் பெருக்கினால் நிலக்கரியில் சுமார் 5 சதவீதமும் இயற்கை எரிவாயுவில் சுமார் 10 சதவீதமும் கூடிவிடும்.

அலகுகள்

கார்பன் வேறு, கார்பன் டை ஆக்சைடு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 44/12, அதாவது 3.67 மடங்கு. உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடின் காரணி நைட்ரஜன் எடையில் தரப்படும். அதை 44/28 ஆல் பெருக்க மறப்பவர்கள் அதிகம். ஒரு ஜிகாகிராம் ஆயிரம் டன். பத்து மில்லியன் ஒரு கோடி.

மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றும் எண் ஐபிசிசி அறிக்கைக்கு அறிக்கை மாறியிருக்கிறது: இரண்டாவது மதிப்பீட்டில் 21, நான்காவதில் 25, ஐந்தாவதில் 28. இந்தியாவின் முதல் மூன்று ஈராண்டு அறிக்கைகள் 21-ஐப் பயன்படுத்தின. ஆண்டுக்கு 2 கோடி டன் மீத்தேன் வெளியிடும் நாட்டுக்கு 21-ஐப் போட்டால் 42 கோடி டன், 28-ஐப் போட்டால் 56 கோடி. ஒரு மாடுகூடக் கூடாமல் 14 கோடி டன் ஏறிவிடும். இவை எல்லாம் நூறாண்டுக் கணக்கு, அதாவது வாயு நூறு ஆண்டுகளில் உண்டாக்கும் வெப்பத்தை வைத்துப் போட்டவை. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் 80-ஐத் தாண்டும். எந்த எண்ணைப் போட்டோம் என்று அட்டவணைக்கு அடியிலேயே எழுதிவிட வேண்டும்.

வருடங்களை ஒப்பிடும்போது

2010-இல் நாட்டின் உமிழ்வில் வேளாண்மை 18 சதவீதம், 2016-இல் 14 சதவீதம். வேளாண்மை உமிழ்வு குறைந்துவிட்டது என்று இதைப் படித்தால் தவறு. அது 39 கோடி டன்னிலிருந்து சுமார் 41 கோடியாகக் கூடியிருக்கிறது, மொத்தம் 213.7 கோடியிலிருந்து 283.9 கோடியாக அதைவிட வேகமாக வளர்ந்ததால் பங்கு சுருங்கியது. உமிழ்வுச் செறிவும் இப்படித்தான். 2005-க்கும் 2020-க்கும் இடையில் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆன உமிழ்வு 36 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மொத்த டன் கூடியது.

நம் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. உமிழ்வுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. முந்தைய நிதியாண்டில் கால் பங்கு, அடுத்ததில் முக்கால் பங்கு என்று எடுப்பது வழக்கமான வழி. சாதாரண ஆண்டுகளுக்கு அது போதும். 2020 போன்ற ஆண்டில் ஊரடங்கின் அடி முதல் சில மாதங்களில் குவிந்ததால், மாதவாரித் தரவைத் தேடி எடுப்பதே நியாயம்.

குப்பையில் காலம் வேறுவிதமாக வேலை செய்கிறது. இன்று குப்பைமேட்டிலிருந்து வரும் மீத்தேன் பல ஆண்டுகளாகக் கொட்டியதன் விளைவு. இந்த ஆண்டுக் குப்பையை மட்டும் எடுத்துப் பெருக்கக் கூடாது.

சரிபார்க்காமல் விடுவது

எரிசக்திக்கு ஒரு எளிய சோதனை உண்டு. துறைவாரியாகக் கூட்டியதை ஓரமாக வைத்துவிட்டு, நாட்டின் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் இருப்பில் கூடியதையும் கழித்து, மேலிருந்து ஒருமுறை கணக்கிட வேண்டும். இரண்டுக்கும் இடையில் 5 சதவீதத்துக்கு மேல் இடைவெளி வந்தால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் சுரங்க வாயிலிலும் மின் நிலைய முற்றத்திலும் கிடக்கும் நிலக்கரி இருப்பில் விடை இருக்கும்.

மீத்தேனுக்கு இன்னும் வலுவான சாட்சி காற்றே. 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, நிலத்திலும் விமானத்திலும் செயற்கைக்கோளிலும் எடுத்த அளவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, 2010 முதல் 2015 வரை இந்தியாவின் மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி டன் என்று கண்டது. இது அரசு சமர்ப்பித்த கணக்குக்கு நெருக்கமாகவும், உலக நாடுகளின் உமிழ்வை மதிப்பிடும் ஒரு தரவுத்தளம் சொன்னதைவிடக் குறைவாகவும் இருந்தது. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் தங்கள் அறிக்கையிலேயே இத்தகைய காற்று அளவீட்டை இணைத்துச் சரிபார்க்கின்றன. கங்கைச் சமவெளியிலும் காவிரி டெல்டாவிலும் ஆண்டு முழுக்க இயங்கும் அளவீட்டு நிலையங்களை நாமும் கூட்டினால், அடுத்த முறை நம் வயலைப் பற்றி யாராவது ஓர் எண் சொல்லும்போது பதிலுக்குக் காட்ட நம் கையில் தரவு இருக்கும்.