டிரான்ஸாக்‌ஷன் எழுதப் பழகுவோம்: கமிட் யார் கையில்?

இருக்கை முன்பதிவு செய்யும் ஒரு ஃபங்ஷன் எழுதப்போகிறோம். உள்ளே மூன்று வேலை. இருக்கைகள் டேபிளில் நிலையை 'காலி' என்பதிலிருந்து 'பதிவானது' என்று மாற்ற வேண்டும். முன்பதிவுகள் டேபிளில் புதிதாக ஒரு ரோ சேர்க்க வேண்டும். பயனரின் கணக்கில் 50 புள்ளி கழிக்க வேண்டும். முதல் இரண்டும் முடிந்து, மூன்றாவது குவெரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில்) எர்ரர் வந்தால்? இருக்கை போயிற்று, பதிவும் ஆயிற்று, புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் யாராவது உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியதுதான்.

மூன்றும் நடக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் நடக்கக் கூடாது. அதற்குத்தான் டிரான்ஸாக்‌ஷன். பிகின் (தொடங்கு), கமிட் (உறுதி செய்), ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறு) என்ற மூன்று கட்டளைகளும் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சர்வர் நிரலில் அவற்றை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றியது.

படி 1: இரண்டு டெர்மினல் திறந்து விளையாடிப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் எதுவானாலும் சரி, ஒரே டேட்டாபேஸை இரண்டு டெர்மினலில் திறந்துகொள்ளுங்கள். முதலாவதில் பிகின் கொடுத்து, ஓர் இருக்கையின் நிலையை மாற்றுங்கள். கமிட் கொடுக்க வேண்டாம். இரண்டாவதில் அதே இருக்கையை செலக்ட் செய்து பார்த்தால் இன்னும் 'காலி' என்றே காட்டும். இப்போது இரண்டாவதிலிருந்தும் அதே ரோவை அப்டேட் செய்து பாருங்கள். கர்சர் அசையாமல் நிற்கும். முதல் டெர்மினல் அந்த ரோவைப் பூட்டி வைத்திருக்கிறது. அங்கே கமிட்டோ ரோல்பேக்கோ கொடுத்த நொடியில் இங்கே பூட்டு விடுபடும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோவது எவ்வளவு பெரிய தொல்லை என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, இயல்பான அமைப்பில், 50 வினாடி காத்திருந்து 1205 என்ற எர்ரரோடு கைவிடும். போஸ்ட்கிரெஸ் நீங்கள் வரம்பு வைக்காதவரை காத்துக்கொண்டே இருக்கும்.

பிகின் கொடுக்காவிட்டால் இரண்டிலுமே ஒவ்வொரு குவெரியும் தானாகவே கமிட் ஆகிவிடும். இதுதான் ஆட்டோகமிட். ஆனால் பைத்தானின் சைக்கோபிஜி 2 போன்ற டிரைவர்கள் (நிரலை டேட்டாபேஸோடு இணைப்பவை) கேட்காமலே டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிடும். "இன்சர்ட் ஓடியது, எர்ரரும் இல்லை, ஆனால் டேபிளில் எதையும் காணோம்" என்று யாராவது தலையைச் சொறிந்தால், பெரும்பாலும் கமிட்டை விட்டிருப்பார்கள்.

படி 2: ஒரே கனெக்‌ஷனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டிரான்ஸாக்‌ஷன் ஒரு கனெக்‌ஷனுக்குச் சொந்தமானது. சர்வர் நிரலில் நாம் கனெக்‌ஷன் பூல் (திறந்து தயாராக வைத்த கனெக்‌ஷன்களின் தொகுப்பு) வைத்திருப்போம். பூலிடமே நேராக "பிகின் ஓட்டு", "அப்டேட் ஓட்டு", "கமிட் ஓட்டு" என்று சொன்னால், மூன்றும் மூன்று வெவ்வேறு கனெக்‌ஷனில் போய் ஓடலாம். உங்கள் கணினியில் ஒருவர் மட்டும் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். கூட்டம் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். ஆகவே பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷனை எடுத்து, எல்லாக் குவெரிகளையும் அதிலேயே ஓட்டி, முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

படி 3: எலும்புக்கூட்டை ஒரே ஒருமுறை எழுதுங்கள்

எந்த மொழியில் எழுதினாலும் வடிவம் இதுதான்:

```
ஃபங்ஷன் டிரான்ஸாக்‌ஷனில்_ஓட்டு(வேலை):
    கனெக்‌ஷன் = பூல்.எடு()
    முயல்:
        கனெக்‌ஷன்.பிகின்()
        விடை = வேலை(கனெக்‌ஷன்)
        கனெக்‌ஷன்.கமிட்()
        விடையைத் திருப்பு
    எர்ரர்1 வந்தால்:
        முயல்:
            கனெக்‌ஷன்.ரோல்பேக்()
        எர்ரர்2 வந்தால்:
            லாகில்_எழுது(எர்ரர்2)
            கனெக்‌ஷன்.கெட்டது_எனக்_குறி()
        எர்ரர்1ஐ மீண்டும் எறி
    எப்படியானாலும்:
        பூல்.திருப்பிக்கொடு(கனெக்‌ஷன்)
```

கமிட்டை 'முயல்' பகுதிக்குள் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கமிட்டும் தோற்கலாம். போஸ்ட்கிரெஸில் தள்ளிவைக்கப்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட்கள் (டேபிளுக்கு வைத்த விதிகள்) கமிட் நேரத்தில்தான் சரிபார்க்கப்படும். எனவே கமிட் திரும்பி வந்த பிறகே பயனருக்கு "பதிவாயிற்று" என்று பதில் போக வேண்டும்.

ரோல்பேக்கைச் சுற்றி இன்னொரு 'முயல்' ஏன்? நெட்வொர்க் அறுந்ததாலேயே முதல் எர்ரர் வந்திருக்கலாம். அப்போது ரோல்பேக்கும் தோற்கும். அந்த இரண்டாவது எர்ரர் முதலாவதை மூடிவிட்டால், உண்மைக் காரணத்தைத் தேடி நீங்கள் பாதி நாளைத் தொலைப்பீர்கள். அறுந்த கனெக்‌ஷனோடு நடந்துகொண்டிருந்த டிரான்ஸாக்‌ஷனை டேட்டாபேஸ் தானே ரோல்பேக் செய்துவிடும். பாதியில் நின்ற கனெக்‌ஷனைப் பூல் மறுபடி யாருக்கும் கொடுக்காமல் தூக்கி எறிந்தால் போதும்; 'கெட்டது' எனக் குறிப்பது அதற்குத்தான்.

மொழிக்கு மொழி சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. கோ மொழியில் பிகின் முடிந்த கையோடு டிஃபரில் (ஃபங்ஷன் முடியும்போது ஓடும் பகுதியில்) ரோல்பேக்கை எழுதிவிடுவார்கள். கமிட்டுக்குப் பின் அது ஓடினாலும் "ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்ற எர்ரரைத் தருமே தவிர, ஒன்றும் கெடாது. சைக்கோபிஜி 2-இல் கனெக்‌ஷனை வித் பிளாக்கில் போட்டால் கமிட்டும் ரோல்பேக்கும் தானாக நடக்கும், கனெக்‌ஷனை மட்டும் மூடாது. ஜாவாவின் ஸ்பிரிங்கில்தான் பெரிய பள்ளம்: டிரான்ஸாக்‌ஷனல் என்று குறித்த மெத்தடிலிருந்து செக்டு எக்ஸெப்ஷன் (கையாளவோ அறிவிக்கவோ வேண்டுமென்று ஜாவா கட்டாயப்படுத்தும் வகை) வெளியே வந்தால், வேறு விதமாகச் சொல்லி வைக்காதவரை அது கமிட் செய்துவிடும். ரன்டைம் எக்ஸெப்ஷனும் எர்ரர் வகையும் வந்தால்தான் ரோல்பேக்.

படி 4: உள்ளே இருப்பவர்கள் கமிட்டைத் தொடக் கூடாது

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், புள்ளி கழிக்கும் சின்ன ஃபங்ஷனின் கடைசி வரியில் நானே ஒரு கமிட் எழுதி வைத்திருந்தேன். தனியாக அழைத்தபோது ஒரு குறையும் இல்லை. பிறகு அதை ஒரு பெரிய ஃபங்ஷனுக்குள்ளிருந்து அழைத்தோம். அந்தக் கமிட், அதற்கு முன் நடந்த எல்லாவற்றையும் சேர்த்து உறுதி செய்துவிட்டது. பின்னால் வந்த எர்ரருக்கு ரோல்பேக் ஓடியது. ஆனால் திரும்பப் பெற ஒன்றும் மிச்சமில்லை. லாகில் "ரோல்பேக் வெற்றி" என்று வேறு எழுதியிருந்தது!

அன்றிலிருந்து என் விதி ஒன்றுதான்: டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தவரே மூட வேண்டும். படி 3-இல் உள்ள ஃபங்ஷனைத் தவிர, முழு நிரலிலும் கமிட் என்று தேடினால் வேறெங்கும் வரக் கூடாது. மற்ற ஃபங்ஷன்கள் கனெக்‌ஷனை வாங்கிக்கொள்ளும், குவெரியை ஓட்டும், தவறென்றால் எர்ரரை எறியும். முன்பதிவு இப்படி ஆகிவிடும்:

```
டிரான்ஸாக்‌ஷனில்_ஓட்டு(கனெக்‌ஷன் =>
    மாறியவை = இருக்கையைப்_பிடி(கனெக்‌ஷன், இருக்கை)
    மாறியவை 0 என்றால்: எறி "இருக்கை காலியில்லை"
    பதிவைச்_சேர்(கனெக்‌ஷன், பயனர், இருக்கை)
    மாறியவை = புள்ளி_கழி(கனெக்‌ஷன், பயனர், 50)
    மாறியவை 0 என்றால்: எறி "புள்ளி போதவில்லை"
)
```

அந்த 0 சோதனையை விட்டுவிடாதீர்கள். இருக்கையைப் பிடிக்கும் அப்டேட்டில் "நிலை காலியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனை இருக்கிறது. வேறொருவர் முந்திக்கொண்டிருந்தால் எந்த ரோவும் மாறாது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை, எர்ரரும் வராது. உங்கள் கணக்கில் அது தோல்வி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 5: எர்ரரை விழுங்காதீர்கள்

குவெரியைச் சுற்றி ஒரு கேட்ச் போட்டு, லாகில் எழுதிவிட்டு, மேலே போய்விடலாம் என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் அதற்கு விடாது. ஒரு குவெரி தோற்றால் டிரான்ஸாக்‌ஷன் முழுவதுமே கெட்டதாகிவிடும். அடுத்த குவெரிகளுக்கெல்லாம் 25பி02 என்ற எர்ரர்தான் வரும். அந்த நிலையில் கமிட் கொடுத்தால், எர்ரர் எதுவும் காட்டாமல் "ரோல்பேக்" என்று பதில் சொல்லும். அந்தப் பதிலை உங்கள் டிரைவர் கவனிக்காவிட்டால், எல்லாம் சேமிக்கப்பட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

மைஎஸ்க்யூஎல் நேர்மாறு. மேலே சொன்ன 1205 வந்தால், இயல்பான அமைப்பில் அந்த ஒரு குவெரி மட்டுமே ரத்தாகும், முந்தையவை அப்படியே காத்திருக்கும். அதற்குப் பிறகு கமிட் கொடுத்தால் பாதி வேலை பதிவாகிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: எர்ரரை மேலே போக விடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை என்ற குவெரி உண்மையிலேயே இருந்தால், அதற்கு முன் ஒரு சேவ்பாயின்ட் (நடுவில் திரும்பி வர ஓர் அடையாளம்) வைத்து, தோற்றால் அதுவரை மட்டும் ரோல்பேக் செய்யுங்கள்.

படி 6: திரும்பப் பெற முடியாததை உள்ளே வைக்காதீர்கள்

உறுதி மின்னஞ்சலை டிரான்ஸாக்‌ஷனுக்குள் அனுப்பினால், ரோல்பேக் அதைத் திரும்பக் கொண்டுவராது. அதோடு, மெயில் சர்வர் பதில் சொல்லும்வரை இருக்கை ரோவும் பூட்டியே கிடக்கும். கமிட்டுக்குப் பிறகு அனுப்பினால்? இடையில் சர்வர் விழுந்தால் மின்னஞ்சலே போகாது. அதனால் "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு டேபிள் வைத்து, அதே டிரான்ஸாக்‌ஷனில் அதில் ஒரு ரோ சேர்த்துவிடுவார்கள். தனியாக ஓடும் இன்னொரு வேலை அதைப் பார்த்து அனுப்பும். எப்போதாவது ஒரே மின்னஞ்சல் இரண்டுமுறை போகலாம். போகாமலே இருப்பதற்கு அது மேல்.

ரோல்பேக் தொடாத வேறு சிலவும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஐடிகளுக்கு வரிசையாக எண் தரும் சீக்வென்ஸ் கொடுத்த எண் திரும்பாது, ஐடிகளில் இடைவெளி விழும். மைஎஸ்க்யூஎல்லில் டிரான்ஸாக்‌ஷன் நடுவே டேபிள் அமைப்பை மாற்றினால், அதுவரை செய்தது எல்லாம் சத்தமில்லாமல் கமிட் ஆகிவிடும்.

படி 7: மறுபடி முயல்வது

இருவர் ஒருவருக்கொருவர் பூட்டுக்காகக் காத்திருந்தால் டெட்லாக். டேட்டாபேஸ் ஒருவரைப் பலி கொடுத்து மற்றவரை விடும். போஸ்ட்கிரெஸில் 40பி01, மைஎஸ்க்யூஎல்லில் 1213. ஒரே நேரத்தில் ஓடுபவை மோதினால் வரும் போஸ்ட்கிரெஸின் 40001-உம் இதே குடும்பம்தான். இவை வந்தால் படி 3-இன் ஃபங்ஷனை முதலிலிருந்து முழுதாக ஓட்டுங்கள். தோற்ற குவெரியை மட்டும் ஓட்டினால் போதாது. மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், நடுவே சிறிது இடைவெளி விடுங்கள்.

கமிட் அனுப்பிவிட்டுப் பதில் வருவதற்குள் கனெக்‌ஷன் அறுந்தால் கதை வேறு. நடந்ததா, இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினால், நம் முன்பதிவில் பயனர் தானே பிடித்த இருக்கைக்கு "காலியில்லை" என்று பதில் வரும்; அந்த 0 சோதனை இல்லாத நிரலில் புள்ளி இரண்டுமுறை கழியலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, முன்பதிவுகள் டேபிளில் அதற்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே எண் இரண்டுமுறை வரக் கூடாது என்ற விதி) வைத்து, பதிவைச் சேர்ப்பதை முதல் வேலையாக்கிவிட்டால், இரண்டாவது முயற்சி அங்கேயே முட்டி நின்று, எல்லாம் ரோல்பேக் ஆகும்.

எல்லாம் எழுதி முடித்ததும், பதிவைச் சேர்க்கும் வரிக்கு அடுத்து வேண்டுமென்றே ஓர் எர்ரரை எறிந்து சோதித்துப் பாருங்கள். இருக்கை 'காலி', முன்பதிவு இல்லை, புள்ளி குறையவில்லை. மூன்றும் சரியென்றால், பூலின் அளவை 1 ஆக்கிவிட்டு அதே சோதனையை இரண்டுமுறை ஓட்டுங்கள். இரண்டாவது தொங்கிப்போய் நின்றால், எங்கோ ஒரு கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.